கோபனா: துரோகியா, நாட்டைக் கட்டியவரா? எத்தியோப்பியப் பேரரசும் ஒரோமோ அடையாளமும்

#1 மலைக்காற்று

எத்தியோப்பியாவில், ஜிம்மா நகரத்தில், நான்கு வருஷம் வேதியியல் நடத்திவிட்டு ஊர் திரும்பியவள் நான். பல நாளாக மனசில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

முதல் வாரம் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போதே ஒன்று கவனித்தேன். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது புதிதில்லை. ஆனால் கடைசிப் பெயரிலிருந்து பின்னோக்கிப் படித்தால் ஒரு நாட்டின் கதையே தெரியும். உதாரணத்துக்கு, கூமா தெஸ்ஃபாயே கெமெச்சு என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கெமெச்சு, நாட்டின் மிகப் பெரிய இனமான ஒரோமோக்களின் மொழியில் மகிழ்ச்சி. அப்பா தெஸ்ஃபாயே, அம்ஹாரா இனத்தின் மொழியான அம்ஹாரிக்கில் 'என் நம்பிக்கை'. பையன் கூமா, மறுபடி ஒரோமோ, ஆயிரம் என்று பொருள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மொழி போய்த் திரும்பி வந்திருக்கிறது. இந்த வரிசையில் அமைந்த பெயர்கள் என் வகுப்பில் ஒன்றிரண்டல்ல.

இன்னொரு நாள் சக ஆசிரியர் வீட்டில் காப்பி. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல் என்ற முதல் சுற்றில் ராஸ் (பெரிய தலைவர்களுக்கான பட்டம்) கோபனா பற்றிப் பேச்சு வந்தது. பரக்கா என்ற மூன்றாம் சுற்று வருவதற்குள் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு அவர் நாட்டைச் சேர்த்துக் கட்டிய தளபதி. மற்றவருக்குத் தன் இனத்தையே விற்ற துரோகி. செத்து நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒருவருக்காக நண்பர்கள் இப்படி முறைத்துக்கொள்வார்களா?

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம்மூர் ஒப்பீடுகளை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எத்தியோப்பியாவைப் பற்றியே பேசுவோம்.

#2 ஏட்டுச்சுவடி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. கோபனாவைப் புரிந்துகொள்ள முதலில், பின்னாளில் பேரரசரான மெனெலிக்கைப் பார்க்க வேண்டும்.

ஷேவா என்பது எத்தியோப்பிய உயர்நிலத்தின் நடுப்பகுதி. 1855-இல் பேரரசர் தெவோத்ரோஸ் ஷேவாவைப் பிடித்தபோது, அந்த அரச வீட்டுப் பையன் மெனெலிக்கைப் பிணையாகத் தூக்கிப்போய் மக்தலா மலைக்கோட்டையில் வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1865-இல் மெனெலிக் தப்பினார். வழியில் அடைக்கலம் கொடுத்தது யார் தெரியுமா? வொல்லோ ஒரோமோக்களின் ராணி வொர்கிது. அவருடைய மகன் அதே மக்தலாவில் தெவோத்ரோஸிடம் பிணையாக இருந்தான். மெனெலிக்கை விட்டால் மகன் போய்விடுவான் என்று தெரிந்தும் விட்டார். மகன் கொல்லப்பட்டான். பிற்காலப் பேரரசர் உயிர் பிழைத்ததற்கு ஓர் ஒரோமோ தாய் கொடுத்த விலை அது. எனக்கு இந்த வரலாற்றில் எதை மறந்தாலும் இது மறப்பதில்லை.

(மக்தலா 1868-இல் பிரிட்டிஷ் தளபதி நேப்பியரின் படையிடம் விழுந்தது. அந்தப் படையில் நம் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் இருந்தன. நமக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு அந்த ஒரு இடத்தில்தான்.)

ஷேவாவுக்குத் திரும்பிய மெனெலிக்குக்குத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கிக்குப் பணம் வேண்டும். பணம் தென்மேற்கில் இருந்தது: காப்பி, தந்தம், தங்கம், அடிமைகள். அந்த வழியை அவருக்குத் திறந்துவிட்டவர் கோபனா தாச்சே. ஷேவாவின் துலாமா ஒரோமோ, கிறிஸ்தவர், குதிரைப்படைத் தலைவர். மெனெலிக்கின் மகள் ஷோவரெகாவை மணந்தவர் கோபனாவின் மகன். அந்த அளவுக்கு நெருக்கம். 1882 ஜூன் 6 அன்று எம்பாபோவில் கோஜ்ஜாம் அரசரின் படையை இவர்கள் தோற்கடித்தார்கள். அதோடு கிபே ஆற்றுப் பகுதி ஒரோமோ அரசுகள் ஷேவாவின் கைக்கு வந்தன. பல இடங்களில் கோபனா சண்டையே போடவில்லை. "வரி கட்டு, உன் ஆட்சியை நீயே வைத்துக்கொள்" என்ற பேச்சுதான். அவர்கள் மொழியிலேயே பேசி முடித்தார்.

#3 கோட்டைமேடு

அப்படிப் பார்த்தால் கோபனா செய்ததில் தப்பு என்ன? காலத்தை நினைத்துப் பாருங்கள். 1884-85 பெர்லின் மாநாடு. 1885-இல் மஸ்ஸாவா துறைமுகத்தில் இத்தாலி இறங்கிவிட்டது. தெற்கே பிரிட்டன், கிழக்கே சோமாலிக் கரையில் மூன்று ஐரோப்பிய நாடுகள். கிபே அரசுகள் தனித்தனியே இருந்திருந்தால் பத்து வருஷத்தில் யாராவது ஒரு ஐரோப்பியன் விழுங்கியிருப்பான்.

1896 மார்ச் 1, அட்வா. இத்தாலியின் படை ஏறக்குறைய 17,000. எதிரே நின்றது அதைப்போல ஐந்தாறு மடங்கு. அதில் வொல்லோ ஒரோமோக் குதிரைப்படை இருந்தது, குராகே இருந்தார்கள், திக்ராய்க்காரர் இருந்தார்கள், ஹராரிலிருந்து ஆளுநர் மக்கொன்னனின் படை வந்தது. தெற்கின் காப்பியும் தந்தமும் வாங்கிக் கொடுத்த துப்பாக்கிகள் அங்கே வெடித்தன. ஒரு ஆப்பிரிக்க நாடு ஐரோப்பியப் படையை நேருக்கு நேர் நசுக்கிய நாள். அந்த நாளைக் கொடுத்த பேரரசைக் கட்டியவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

#4 தென்கரை

கோட்டைமேடு அண்ணே, அட்வாவின் பெருமையை யாரும் குறைக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி அட்வாவில் மட்டும் வெடிக்கவில்லை. அதே பத்துப் பதினைந்து வருஷத்தில் ஆர்சியிலும், ஹரார் அருகே செலென்கோவிலும், வொலாய்த்தாவிலும் வெடித்தது. ஆர்சி ஒரோமோக்கள் 1882 முதல் 1886 வரை எதிர்த்து நின்றார்கள், கையில் ஈட்டியோடு.

நான் சொல்ல வருவது போருக்குப் பிறகு நடந்ததைப் பற்றி. தெற்கே இறங்கிய படைவீரருக்கு நெஃப்தெஞ்யா என்று பேர். நெஃப்த் என்றால் துப்பாக்கி, நெஃப்தெஞ்யா, துப்பாக்கிக்காரன். சம்பளம் பணமாகக் கிடையாது. ஆட்களாகக் கொடுத்தார்கள். பதவிக்கு ஏற்ப இத்தனை குடும்பம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கப்பார் என்று பெயர். கப்பார் விளைச்சலில் பங்கு தரணும், தேன் தரணும், விறகு சுமக்கணும், வேலி கட்டணும். அவன் மனைவி நெஃப்தெஞ்யா வீட்டு மாவை அரைக்கணும். நேற்றுவரை தன் நிலத்தில் உழுதவன், இன்றைக்கு அதே நிலத்தில் இன்னொருவனுக்கு ஆள்.

இதோடு 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். இத்தாலியர் இறக்கிய மாடுகளோடு வந்த கொள்ளைநோய் நாட்டின் மாடுகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது. வடக்கே சோறில்லாத வீரர்கள் தெற்கே சோற்றுக்காக வந்தார்கள். அவர்களும் பாவப்பட்டவர்கள்தான். ஆனால் அந்தப் பாரம் இறங்கியது கப்பார் தலையில்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். அம்ஹாரிக்கில் நகரத்துக்கு இன்றைக்கும் 'கெதெமா' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு முதலில் படைமுகாம் என்று பொருள். தெற்கில் மேட்டின்மேல் அடித்த முகாம்தான் ஊராக வளர்ந்தது: மேலே கோயில், ஆளுநர் வீடு, சிறை, கீழே சந்தை, அதற்கும் கீழே கப்பார்களின் வயல். நகரத்துக்குப் போவது என்றால் ஒரோமோ விவசாயிக்கு முகாமுக்குப் போவது என்று அர்த்தம்.

#5 பனையோலை

ஒரு சந்தேகம். கடைசிப் பேரரசர் ஹைலி செலாசியின் உடம்பிலேயே ஒரோமோ ரத்தம் உண்டு என்று படித்திருக்கிறேன். அரச வீடே கலப்பு என்றால் இதை இன ஒடுக்குமுறை என்று எப்படிச் சொல்வது?

#6 ஏட்டுச்சுவடி

பனையோலை, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலப்பு பழசு. 1755 முதல் 1769 வரை கோண்டரில் ஆண்ட இயோவாஸின் தாய் ஒரோமோ. அவர் காலத்தில் அரண்மனையில் ஒரோமோ மொழி ஒலித்தது. அதற்கப்புறம் எண்பது வருஷத்துக்கு மேல் பேரரசர் பேருக்கு உட்கார்ந்திருக்க, அதில் பெரும்பகுதிக் காலம் அதிகாரம் யெஜ்ஜு ஒரோமோ வம்சத்தின் கையில் இருந்தது. மெனெலிக்கின் போர் அமைச்சர் ஹப்தெ கியோர்கிஸ் ஒரோமோ. போரில் பிடிபட்டு அரண்மனைக்கு வந்து, 1926-இல் சாகும்வரை நாட்டின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவராக இருந்தார். ஹைலி செலாசியின் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரோமோ உறவு உண்டு.

அப்புறம் வொல்லோவின் ராஸ் மிகாயேல். அவருடைய பிறவிப் பெயர் முகமது அலி. 1878-இல், மெனெலிக்குக்கு முந்தின பேரரசர் யோஹன்னஸ் போரு மேதாவில் சபை கூட்டி, வொல்லோவின் முஸ்லிம் தலைவர்கள் கிறிஸ்தவராக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போகும் என்றார். முகமது அலி மிகாயேல் ஆனார். பின்னால் ஷோவரெகாவை மணந்தார், மேலே சொன்ன அதே மெனெலிக்கின் மகள். அவர்கள் மகன் லிஜ் இயாசு மெனெலிக்குக்கு வாரிசானார். அந்த இயாசு ஹராரில் முஸ்லிம் தலைவர்களோடு நெருங்கிப் பழகியதும், இவன் இஸ்லாத்துக்குப் போய்விட்டான் என்று குற்றம்சாட்டி 1916-இல் இறக்கிவிட்டார்கள். மகனுக்காகப் படையெடுத்து வந்த மிகாயேல் அதே வருஷம் செகலேயில் தோற்றார்.

இதில் என்ன தெரிகிறது? ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. மதம் என்ன, மொழி என்ன, பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள். ஒரோமோவாகப் பிறந்தவன் போர் அமைச்சர் ஆகலாம், பேரரசரின் சம்பந்தி ஆகலாம். ஒரோமோவாக இருந்துகொண்டே ஆக முடியாது. வாசல் திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே வருகிறவன் மொழியைத் திண்ணையில் கழற்றி வைத்துவிட்டு வரணும். ஆட்களைச் சேர்த்துக்கொண்ட அரசு அது, மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கோபனா விஷயமும் பிடிபடும் என்பது என் எண்ணம்.

#7 கோட்டைமேடு

ஏட்டுச்சுவடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரோமோக்கள் மட்டும் வேறு மாதிரி செய்தார்களா? 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் தெற்கிலிருந்து பரவியபோது வழியில் இருந்த மக்களை 'மொகாசா' என்று சடங்கு செய்து தங்கள் குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தவன் ஒரோமோ மொழி பேசினான், ஒரோமோ முன்னோரைத் தன் முன்னோர் என்று சொன்னான். அவன் பழைய மொழி என்ன ஆனது?

#8 எழுத்தாணி

அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மொகாசாவில் முழுக் குலமும் சேர்ந்து உறுதிமொழி சொல்லி, வந்தவனுக்கு நிலமும் பாதுகாப்பும் கொடுக்கும். அடுத்த தலைமுறையில் அவன் பிள்ளை குலத்துப் பிள்ளைதான். கப்பார் பிள்ளை கப்பாராகவே பிறந்தான். சேர்த்துக்கொண்ட குலங்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு முடியவில்லை.

#9 மலைக்காற்று

தராசு என்றதும் ஜிம்மா ஞாபகம் வந்தது. நகருக்கு மேலே ஜிரேன் என்ற குன்றில், ஜிம்மாவை ஆண்ட அரசர் அப்பா ஜிஃபாரின் அரண்மனை இன்றும் நிற்கிறது. முழுக்க மரம். மாடி வராந்தாவில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மாணவர்கள் என்னை முதல் விடுமுறையிலேயே அங்கே கூட்டிப்போனார்கள்.

அப்பா ஜிஃபார் சண்டை போடாதவர். பதினெட்டு வயசுக்குள் பட்டத்துக்கு வந்தவர். மெனெலிக்கின் பலத்தைப் பார்த்து, கப்பம் கட்டுகிறேன், என் நாட்டுக்குள் உன் படை வரக்கூடாது, தேவாலயமும் கட்டக்கூடாது என்று பேசி முடித்துவிட்டார். பக்கத்து காஃபா எதிர்த்து நின்று 1897-இல் தூள்தூளானபோது ஜிம்மா முழுசாக இருந்தது. இஸ்லாம் இருந்தது, ஒரோமோ மொழி இருந்தது, நிலம் நெஃப்தெஞ்யா கைக்குப் போகவில்லை. 1932-இல்தான் ஹைலி செலாசி அந்தத் தன்னாட்சியை எடுத்தார்.

அங்கே கூட வந்த மாணவி ஒருத்தி பெருமையோடு சொல்லிக்கொண்டே வந்தாள். கூடவே, குரல் இறங்கி, இந்த மாளிகையின் செல்வத்தில் பாதி அடிமைச் சந்தையில் வந்தது என்றும் சொன்னாள். பிடித்து வரப்பட்டவர்கள் பெரும்பாலும் தெற்கு, மேற்குப் பகுதிச் சிறு இனத்தவர்கள். அவள் அதை மறைக்காமல் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆக, சேர்வதிலும் வகை இருந்திருக்கிறது. ஜிம்மாவும், மேற்கே இருந்த நெகெம்தே அரசும் பேசிச் சேர்ந்தன. ஆர்சியும் வொலாய்த்தாவும் விழுந்து சேர்ந்தன. இன்றைக்கும் ஆர்சியிலிருந்து வந்த மாணவன் மெனெலிக் பெயரைச் சொல்லும் தொனி வேறு, ஜிம்மா மாணவன் சொல்லும் தொனி வேறு.

#10 வரப்புமேடு

காஃபா பற்றி ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள் அக்கா. அந்த அரசர் காக்கி ஷெரோச்சோ பல மாதம் காட்டுக்குள் ஒளிந்து போராடிப் பிடிபட்டார். சங்கிலி பூட்டிக் கொண்டுபோனார்கள். தன் மண்ணை மறுபடி பார்க்காமலே 1919-இல் இறந்தார். வொலாய்த்தாவில் 1894-இல் அரசர் தோனாவைத் தோற்கடித்த போர், மெனெலிக்கின் போர்களிலேயே மிகக் கொடூரமானது என்கிறார்கள். பிடிபட்டவர்கள் அடிமைகளாக வடக்கே நடத்திச் செல்லப்பட்டார்கள்.

எத்தியோப்பியா என்றால் எல்லாரும் அம்ஹாரா, ஒரோமோ, திக்ராய் என்று மூன்றைத்தான் பேசுகிறார்கள். எண்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள நாடு அது. சிறு இனங்களுக்குப் பேரரசு மட்டுமல்ல, பக்கத்துப் பெரிய இனமும் ஒரு பாரம்தான். கோபனா துரோகியா என்ற கேள்வியே ஒரோமோக்களுக்கு உள்ளே நடக்கும் பேச்சு. காஃபாக்காரருக்கு அந்தக் கேள்வி அப்படி எழாது.

#11 எழுத்தாணி

நான் மொழிப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அம்ஹாரிக்கின் எழுத்துக்கு ஃபிதெல் என்று பெயர். நம் உயிர்மெய் போலத்தான்: ஒவ்வொரு மெய்க்கும் உயிருக்கு ஏற்ப ஏழு வடிவம். அழகான எழுத்து. ஆனால் அதில் ஒற்று இரட்டித்தால் காட்ட வழியில்லை, குறில் நெடில் பிரிப்பதும் கஷ்டம். ஒரோமோ மொழிக்கு இரண்டும் உயிர். 'லஃப' என்றால் நிலம். 'லாஃபா' என்றால் மென்மை. 'பதா' என்றால் கெட்டது. 'பத்தா' என்றால் மேட்டுநிலம். படம் பாடம், புளி புள்ளி என்று பிரித்துப் படித்து வளர்ந்த நமக்கு, அந்த வித்தியாசத்தை எழுத முடியாவிட்டால் எப்படி இருக்கும் என்று புரியும்.

ஆனாலும் அதே ஃபிதெலில்தான் முதல் பெரிய வேலை நடந்தது. ஒனேசிமோஸ் நெசிப் சிறு வயதில் அடிமையாகப் பிடிபட்டு மஸ்ஸாவாவில் விடுதலை பெற்றவர். அதேபோல அடிமையாக இருந்து மீண்ட ஆஸ்தர் கன்னோ என்ற பெண்ணின் துணையோடு முழு விவிலியத்தையும் ஒரோமோவில் கொண்டுவந்தார். அச்சானது 1899-இல். தன் ஊரைவிட்டு வெகுதூரத்தில் உட்கார்ந்து, ஆஸ்தர் தன் ஞாபகத்திலிருந்து சொற்களையும் பாட்டுகளையும் கதைகளையும் எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஓர் இனத்தின் எழுத்திலக்கியம் இரண்டு அடிமைகளின் நினைவில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிறகு ஷேக் பக்ரி சப்பாலோ 1956-இல் ஒரோமோவுக்கென்றே ஒரு தனி எழுத்தை உருவாக்கினார். அரசு அதைப் பரவவிடவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான், 1955 அரசியல் சட்டத்தில், அம்ஹாரிக் ஆட்சிமொழி என்று எழுதியிருந்தார்கள். பள்ளி, நீதிமன்றம், அச்சு எல்லாம் அதில்தான். தன் வழக்கையே தான் பேச முடியாமல் மொழிபெயர்ப்பாளனை வைத்துப் பேசிய விவசாயிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

1991-இல் லத்தீன் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். குபே என்று பெயர். குறில் நெடிலுக்கும் ஒற்றுக்கும் அது பொருந்தியது என்பது ஒரு காரணம். ஃபிதெல் வேண்டாம் என்ற முடிவில் அரசியலும் இருந்தது. அக்கா சொன்ன கூமா அந்தத் தலைமுறைப் பையன்தான்.

#12 பனையோலை

இவ்வளவு நடந்தும் 1960-கள் வரை ஒரோமோ என்ற பெயரில் ஒரு பெரிய இயக்கம் ஏன் வரவில்லை?

#13 தென்கரை

ஏனென்றால் அதற்கு முன் 'ஒரோமோ' என்று எல்லாரும் ஒரே அரசியல் குடையில் நின்றதில்லை. மொழி ஒன்று, கதா என்ற எட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்சி மாறும் வயதுக்குழு முறை பலருக்குப் பொது. ஆனால் ஜிம்மா ஓர் அரசு, லேகா ஓர் அரசு, போரானா வேறு, ஆர்சி வேறு, மதமும் வேறு. கிபே அரசுகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டவை. இதனால்தான் கோபனாவைத் துரோகி என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. அவர் காலத்தில் இல்லாத ஒரு தேசத்துக்கு அவர் எப்படித் துரோகம் செய்ய முடியும்?

அந்தத் தேசத்தைச் செய்தது பேரரசுதான். வடக்கே உட்கார்ந்தவர்கள் இத்தனை வகை மக்களையும் 'கால்லா' என்று ஒரே இழிபெயரால் அழைத்தார்கள். ஆர்சிக்காரனும் வொல்லெகாக்காரனும் அதே கப்பார், அதே மொழித்தடை, அதே வசவு. ஒரே அடி வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இதற்கு உயிருள்ள சாட்சி ஜெனரல் ததெஸ்ஸே பிரு. 1962-இல் நெல்சன் மண்டேலாவுக்கு எத்தியோப்பியாவில் போர்ப் பயிற்சி கொடுத்தவர் இவர். ஷேவா ஒரோமோ, ஆனால் அரசுக்கு முழு விசுவாசி. பெயர், பேச்சு எல்லாம் அம்ஹாராவைப் போல. எழுத்தறிவு இயக்கத்தை முனைப்பாக நடத்தியபோது, பிரதமரே அவரை அம்ஹாரா என்று நினைத்துக்கொண்டு, ஒரோமோக்களைப் படிக்கவைப்பதில் அவசரம் வேண்டாம் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் அவரைத் திருப்பியது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கதை. 1963-இல் தொடங்கிய மெச்சா-துலாமா சுயஉதவிச் சங்கத்தில் சேர்ந்தார். சாலை, பள்ளி, மருத்துவமனை கட்டுவதுதான் சங்கத்தின் வேலை. அதையே 1967-இல் தடை செய்தார்கள். இவருக்கு மரண தண்டனை விதித்து, பின் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். கடைசியில் 1975-இல், பேரரசரை இறக்கிவிட்டு வந்த ராணுவ ஆட்சி சுட்டுக் கொன்றது.

பேரரசு எதிர்பார்த்த மாதிரியே மாறிக்காட்டியவர் அவர். உள்ளே போய், அங்கே பேசுவதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்துவிட்டார்.

அதே காலத்தில் தென்கிழக்கே பாலே என்ற பகுதியில் வாக்கோ குத்து தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். வரியும் நிலமும் காரணம். 1969-இல் வல்லெலிஞ் மெகோனன் என்ற மாணவர் தேசிய இனங்களின் கேள்வியைப் பல்கலைக்கழகத்தில் வெளிப்படையாக எழுதினார். எத்தியோப்பியன் ஆவதற்கு அம்ஹாரா முகமூடி போட வேண்டியிருக்கிறது என்றார். அவர் ஒரு அம்ஹாரா. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்ஹாரா விவசாயியும் வடக்கே வரியில் நசுங்கியவன்தான். மொழி அவனுடையது என்பதற்காக ஆட்சி அவனுடையதாகிவிடவில்லை.

கப்பார் முறையின் கடைசி மிச்சம் ஒழிந்தது 1975 மார்ச்சில், நிலமெல்லாம் அரசுடைமை ஆனபோது. ராணுவ ஆட்சி ரத்தத்தில் குளித்த ஆட்சிதான். ஆனால் அந்த ஒரு ஆணையைக் கேட்டுத் தெற்கே கிழவர்கள் அழுதார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

#14 கோட்டைமேடு

தென்கரை, ததெஸ்ஸே பிரு கதை எனக்குத் தெரியாது. அது என்னை யோசிக்க வைக்கிறது.

ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. 1995 அரசியல் சட்டம் இன அடிப்படையில் மாநிலங்களைப் பிரித்தது. 39-ஆம் பிரிவு பிரிந்துபோகும் உரிமையையே கொடுத்தது. பழைய தவறுக்குப் பரிகாரம் என்றார்கள். என்ன நடந்தது? ஒவ்வொரு மாநிலத்திலும் 'வந்தேறி' என்று ஒரு கூட்டம் உருவானது. மூன்று தலைமுறையாக ஒரோமியாவில் வாழும் ஏழை அம்ஹாரா விவசாயியை 'நெஃப்தெஞ்யா' என்று விரட்டுகிறார்கள். அவன் கையில் துப்பாக்கி எங்கே இருக்கிறது? 2020 முதல் 2022 வரை திக்ராயில் நடந்த போரில் எத்தனை லட்சம் குடும்பங்கள் சிதைந்தன! தென் மாநிலம் சிதாமா, தென்மேற்கு என்று உடைந்துகொண்டே போய் 2023-இல் இல்லாமலே ஆகிவிட்டது. வகுத்துக்கொண்டே போனால் எங்கே நிற்பது?

#15 வரப்புமேடு

சிதாமா மக்கள் 2019-இல் வாக்களித்து மாநிலம் வாங்கினார்கள். அதை உடைப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்தேறி விஷயத்தில் நீங்கள் சொல்வது நூறு சதவீதம் சரி. மொழிக்கு எல்லை போட்டார்கள். மனிதர்கள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கிறார்கள்.

எரித்திரியாவையும் சேர்த்துப் பாருங்கள். மெரெப் ஆற்றின் இரு கரையிலும் திக்ரின்யா பேசுகிறவர்கள்தான். அட்வாவில் வென்ற பின்னும் மெனெலிக் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போகவில்லை, இத்தாலிக்கே விட்டார். 1952-இல் கூட்டாட்சியாகச் சேர்த்தார்கள்; 1962-இல் ஹைலி செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்தார். முப்பது வருஷப் போர், 1993-இல் தனி நாடு. கொடுத்த தன்னாட்சியைப் பிடுங்காமல் இருந்திருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஜிம்மாவில் 1932-இல் செய்ததையே அஸ்மராவில் முப்பது வருஷம் கழித்துச் செய்தார். ஜிம்மா பேசாமல் இருந்தது. எரித்திரியா இருக்கவில்லை.

#16 ஏட்டுச்சுவடி

கோட்டைமேடு, உங்கள் பயம் என் பயமும்தான். ஆனால் பழைய வழிக்குத் திரும்பலாம் என்பதற்கு அது காரணமாகாது. 2007 கணக்கெடுப்பில் ஒரோமோ 34 சதவீதத்துக்கு மேல், அம்ஹாரா 27 சதவீதத்தை ஒட்டி. நாட்டிலேயே பெரிய இனத்தின் மொழி நூறு வருஷம் பள்ளிக்கு வெளியே நின்றது. அதைச் சரி செய்யாமல் ஒற்றுமை பேசினால் யார் கேட்பார்கள்?

நினைவுச் சின்னங்களையே பாருங்கள். தலைநகர் அடிஸ் அபாபாவில் மெனெலிக் குதிரைமேல் இருக்கும் சிலை 1930-இல் வைத்தது. ஆர்சியில் ஆனோலே என்ற இடத்தில் 2014-இல் ஒரு நினைவுத் தூண்: வெட்டப்பட்ட கை ஒன்று வெட்டப்பட்ட மார்பை ஏந்தி நிற்கிறது. மெனெலிக்கின் படை செய்ததாக ஆர்சி மக்கள் சொல்லும் கொடுமையின் நினைவு. அப்படி நடந்ததா என்று இன்றும் சண்டை. இரண்டு சிலைக்கும் நடுவே சில மணி நேரப் பயணம்தான். ஒரே நாட்டின் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். இரண்டையும் பார்த்த பிள்ளைகள் வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

தலைநகரின் பெயரே இரண்டு. 1886-இல் மெனெலிக்கின் மனைவி தயிட்டு அரசி வெந்நீர் ஊற்றுப் பக்கம் வீடு கட்டி 'புதிய பூ' என்று பெயர் வைத்தார், அடிஸ் அபாபா. அங்கே முன்பே இருந்த ஒரோமோக்களுக்கு அது ஃபின்ஃபின்னே. பேருந்தில் ஏறுகிறவன் எந்தப் பெயரைச் சொல்கிறான் என்று பக்கத்தில் இருப்பவன் கவனிக்கிற நிலை இன்றும் இருக்கிறது.

#17 மலைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. அன்றைக்குக் காப்பிக்கு உட்கார்ந்தபோது இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு பேரிடமும் நல்ல கேள்வியாவது கேட்டிருப்பேன்.

கோட்டைமேடு எங்கே நிற்பது என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் துறையில் ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். அப்பா ஒரோமோ, அம்மா அம்ஹாரா. வீட்டில் இரண்டு மொழியும் ஓடும். கோபம் வந்தால் அம்மா மொழி, பாட்டு அப்பா மொழி என்பார். அங்கே கெபெலே என்ற வட்டார அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கணும். விண்ணப்பத்தில் பெயர், வயது, தொழிலுக்கு நடுவே 'பிஹெர்' என்று ஒரு கட்டம். இனம். ஒரு சொல் எழுதத்தான் இடம் இருக்கும்.

இரண்டும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். எழுத்தர் நல்ல மனுஷர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டம் ஒன்றுதானே தம்பி இருக்கிறது என்றாராம். இவர் அப்பாவினுடையதை எழுதினார். இவருடைய தங்கை அடுத்த வருஷம் அதே அலுவலகத்தில், அதே மேசையில், அம்மாவினுடையதை எழுதினாள். அட்டைகள் இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மேசைமேல் வைத்து எனக்குக் காட்டினார். அப்பா பெயரும் தாத்தா பெயரும் இரண்டிலும் ஒன்றுதான்.